வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்

ஹாலிஸ் கிரியர் சாயங்காலமானால் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவார். தோட்டத்துக்கு அல்ல, வீட்டுக்கு. முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் பின்கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, பச்சை ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு சுவரோரமாக ஒரு சுற்று நடப்பார். வடகிழக்கு மூலையில் குழாய் எப்போதும் மடங்கிக்கொள்ளும். திரும்பி நடந்து வந்து மடிப்பை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

கிழக்கு வேக்கோ என்ற அந்த ஊர்ப்பகுதியில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அங்கே இருப்பது கரிசல் மண். மழை பொய்த்த கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சுருங்கிய மண்ணின்மேல் குட்டைக் கால்களை ஊன்றி நிற்கும் பலகை வீடுகள் ஒரு பக்கமாக இறங்கும். சுவரில் கோடு விழும், கதவுகள் சட்டத்தில் இறுகும். அதனால் ஆகஸ்ட் மாதத்தில் செடிக்கு ஊற்றுகிறார்களோ இல்லையோ, வீட்டுக்கு ஊற்றிவிடுவார்கள்.

ஆனால் அது மே மாதம். காலையில்தான் மழை விட்டிருந்தது. பிரேசோஸ் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

"மிஸ்டர் கிரியர், வானமே இவ்வளவு ஊத்தியிருக்கே, போதாதா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள் ஐடெல்லா.

"சாப்பாட்டு அறைக் கதவு மறுபடி இறுகுது, கவனிச்சியா? வீட்டுக்குத் தாகம்."

புருஷனை மிஸ்டர் கிரியர் என்று கூப்பிட ஆரம்பித்தது கல்யாண நாளில், விளையாட்டுக்காக. அவளுடைய அம்மா காலத்துப் பெண்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் விளையாட்டை விடவில்லை, அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. இருவருக்கும் ஐம்பது தாண்டிய பிறகு நடந்த கல்யாணம். அவருக்கு இரண்டாவது, அவளுக்கு முதலாவது. அதுவரை பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டு, இரண்டாம் மாடி அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருந்தாள். மண்ணோடு ஒட்டிய வீடு அவளுக்குப் புதிது. வீட்டுக்கு எப்போது தாகம் எடுக்கும், எப்போது அடங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் ஒரு வாடை இருந்தது. மழையில் நனைந்த பழைய புத்தகத்தைப் பெட்டியில் போட்டு மூடிவைத்தால் வருமே, அந்த வாடை. அலமாரியில் தொங்கும் அவளுடைய உடைகளில் அது ஏறியது, தலையணையில் ஏறியது. ஹாலிஸுக்கு அது எட்டவில்லை. காலமெல்லாம் ஹேர் டானிக்கை முகர்ந்த மூக்கு.

வரும்போது அவள் கொண்டுவந்த பெரிய சாமான் ஒரு கண்ணாடி அலமாரி மட்டும்தான். உள்ளே நீலப்பூப் போட்ட கப்புகளும் தட்டுகளும். தவணை முறையில் வாங்கி, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஆசையாக அடுக்கிவைத்து, அபார்ட்மெண்டுக்கு யாரும் வராமலே போன பாத்திரங்கள். சாப்பாட்டு அறையில் ஹாலிஸே அதற்கு இடம் ஒதுக்கினார். அங்கே அதுவரை அவருடைய முதல் மனைவி மாக்சினின் தையல் மிஷின் இருந்தது. மாக்சின் இறந்து சில வருடங்கள் ஆகியும் யாரும் நகர்த்தாத மிஷின். அதைத் தன் கையாலேயே தூக்கிப் பின்னறையில் வைத்தார். மாக்சின் காலத்தில் தொடங்கிய தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவர் விடவில்லை.

அன்றிலிருந்து யாராவது அந்த அறையில் நடந்தால் கப்புகள் கிணுகிணுத்தன. வரவர அதிகமாகக் கிணுகிணுத்தன.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து க்ளோடீன் வந்தாள். மாக்சினின் தங்கை. அக்காள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவளுக்கு அந்த வீட்டில்தான். சர்ச்சில் எல்லாரும் எல்லாரையும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். க்ளோடீன் சொன்னால் மட்டும் அந்தச் சொல்லுக்கு முள் முளைத்துவிடும்.

"சிஸ்டர் ஐடெல்லா, வீட்டுல என்னமோ வாடை வருதே. எங்கக்கா இருந்தப்ப இந்த வீடு எலுமிச்சம்பழமா மணக்கும்."

"அடுத்த வாரம் வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாங்க, சிஸ்டர் க்ளோடீன். பிழிஞ்சு விடுறேன்."

க்ளோடீன் கோழி வறுவல் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். அலமாரிக்குள் கப்புகள் நடுங்கின.

"பார்த்தியா? நான் வந்தா மட்டும் இந்தக் கப்பெல்லாம் பேசுது."

"நீங்க நடந்தா அடுத்த தெருக் கப்பெல்லாம்கூடப் பேசும்."

ஹாலிஸ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். க்ளோடீன் சிரிக்கவில்லை. எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அது மாக்சினோட மிஷின் இருந்த இடம். அவளுக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்" என்றாள்.

அந்தப் பேச்சு ஐடெல்லாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அது குத்தியது. அபார்ட்மெண்டைக் காலி செய்தாயிற்று. இந்த வீடு தன்னை வேண்டாம் என்றால் அவள் எங்கே போவாள்?

செவ்வாய்க்கிழமை அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதன் முன்கால் ஒன்று தரைக்குள் இறங்கியது. பலகை முறியும் சத்தமே கேட்கவில்லை. கேக்கில் கத்தி இறங்குவதைப்போல, மெதுவாக, சந்தடியில்லாமல் இறங்கிற்று. அலமாரி அவள்மேல் சாய்ந்தது. தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, காலால் ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்து, மூச்சு வாங்க நின்றாள். ஒரு கப் மட்டும் உடைந்திருந்தது.

ஹாலிஸ் கடையில் இருந்தார். அவள் டீக்கன் பர்விஸுக்குப் போன் செய்தாள். சர்ச் மூப்பர்களில் ஒருவர். ஓய்வு பெறும்வரை சாய்ந்த வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்துவதே அவர் தொழில். வந்தவர், பின்பக்கச் சுவரின் அடியில் இருந்த சின்னத் திறப்பின் பலகையைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். தலை போயிற்று. தோள் போயிற்று. அதற்குமேல் போகவில்லை.

"ஒரு காலத்துல இதுக்குள்ள எலி மாதிரி ஓடுவேன், சிஸ்டர். இப்ப என் தொப்பைக்குத் தனியா ஒரு வாசல் வைக்கணும்."

"தள்ளுங்க. நான் போறேன்."

"நீயா?"

"ஸ்கூல் பஸ்ஸுல கடைசி சீட்டுக்கு அடியில போயிப் பாருங்க, டீக்கன். நான் பார்க்காத அசிங்கமா?"

டார்ச்சையும் ஒரு ஸ்க்ரூட்ரைவரையும் வாங்கிக்கொண்டு அவள் வயிற்றால் ஊர்ந்து போனாள். தான் தினமும் நடக்கும் வீட்டுக்கு அடியில் இன்னொரு வீடு இருந்தது. இருட்டும் ஈரமுமாய், யாரோ நீண்ட நேரம் அடக்கிவைத்த மூச்சைப்போலக் கனத்த காற்றோடு. அந்த வாடை இங்கேதான் குடியிருந்தது.

"என்ன தெரியுது?" திறப்பின் வாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினார் டீக்கன்.

"கட்டைக் காலெல்லாம் மஞ்சளா நிக்குது. நல்லாத்தான் இருக்கு."

"அது போடார்க் மரம். ஊரே அழுகினாலும் அது அழுகாது. மேல பாரு, தரையைத் தாங்குற கட்டைங்க."

டார்ச்சை மேலே திருப்பினாள். "வெள்ளையா, பஞ்சு ஒட்டுனாப்ல, என்னவோ வளர்ந்திருக்கு."

"குத்திப் பாரு."

ஸ்க்ரூட்ரைவர் நனைந்த சோள ரொட்டியில் இறங்குவதுபோலப் பிடிவரைக்கும் இறங்கியது. 

"கீழ மண்ணு?"

"மண்ணா? சேறு. முழங்கை புதையுது."

"பைப் எங்கயாவது ஒழுகுதா?"

ஒவ்வொரு பைப்பாகத் தடவிப் பார்த்தாள். மேலே வேர்த்திருந்ததே தவிர எதுவும் ஒழுகவில்லை. பிறகு டார்ச்சை ஓரங்களுக்குத் திருப்பினாள். சுற்றுச்சுவரின் காற்றுத் துளைகளை வண்டல் பாதி அடைத்திருந்தது. அவற்றின் கீழே, வெளியிலிருந்து உள்ளே, விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன ஓடைத் தடங்கள். மழைத் தண்ணீர் என்றால் மேடு இருக்கும் பக்கமிருந்து வரும். இது நாலு பக்கமும் ஒரே சீராக, ஒரு மனிதன் நடக்கும் நிதானத்தில் வந்திருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் தடம் குறைவாக இருந்தது, குழாய் மடங்கிக்கொள்ளும் இடத்தில்.

ஐடெல்லா டார்ச்சை அணைத்துவிட்டு, வந்த வழியே பின்னால் ஊர்ந்தாள்.

வெளியே வந்து, சேற்றை வழித்துக்கொண்டே கேட்டாள்: "டீக்கன், கதவு இறுகினா வீட்டுக்குத் தாகம்னுதானே அர்த்தம்?"

"காஞ்சாலும் இறுகும், ஊறினாலும் இறுகும். காஞ்சா வீடு எறங்குது. ஊறினா மரம் ஊதுது. கரிசல் குடிச்ச தண்ணிய லேசுல விடாது. மேல நீங்க ஏசி போட்டுத் தரையைக் குளிர வைக்கிறீங்க, கீழ ஆவி கெளம்பி அதுல போயி ஒட்டுது. உங்க வீடு வருஷக்கணக்கா வேர்த்துக்கிட்டே இருக்கு." அவர் பச்சைக் குழாயைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "ஹாலிஸ்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லு. அடுத்தது குளியலறைதான். தொட்டியோட அவன் உள்ள எறங்கினா, நான் போயி எடுக்க முடியாது."

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று இருந்தாள். கெளுத்தி மீனை மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டே, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தாள். வெளியே தண்ணீர்ச் சத்தம் நெருங்கி வந்தது. அதோடு ஹாலிஸின் குரலும். கடையில் நாள் முழுக்கப் பேசுகிற மனிதர், வீட்டில் பேச்சைச் செலவழிக்கமாட்டார். இங்கே யாரோடு பேசுகிறார் என்று அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"...உன் தங்கச்சிக்கு வாய் கொஞ்சமும் குறையல, மாக்சின். இன்னிக்கு, கடைக்குச் சின்ன வயசுலேருந்து வர்ற நம்ம டெல்வின் அவன் மகனைக் கூட்டிட்டு வந்தான், முதல் முடி வெட்டுறதுக்கு. நீ பார்த்திருந்தா சிரிச்சிருப்ப, அப்படியே டெல்வின் மண்டை." தண்ணீர் சளசளத்தது. "ஐடெல்லாவோட அலமாரி சாஞ்சுபோச்சு. நான்தான் தண்ணிய குறைச்சலா ஊத்திட்டேன் போல. இனிமே ரெண்டு சுத்து ஊத்துறேன். அந்தப் பொண்ணு பாவம், மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கா, என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறா. வீடு சரியில்லைன்னு அவ போயிட்டா நான் என்ன செய்வேன், சொல்லு."

மீன் ஒரு பக்கம் கருகியது. ஐடெல்லா ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தாள். இத்தனை நாளும் அந்தத் தண்ணீர் மாக்சினுக்கானது என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்காகவும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவளைத் தக்கவைக்க வேண்டி, அவள் காலுக்குக் கீழே இருப்பதையே கரைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சொல்ல முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. க்ளோடீன் என்ன சொல்வாள் என்பது கேட்காமலே காதில் கேட்டது: வந்தவ வந்து எங்கக்கா தண்ணியை நிறுத்திட்டா. அது பொறுக்கக்கூடியதுதான். ஹாலிஸின் முகத்தை நினைத்தால்தான் நாக்கு எழவில்லை. அவர் சொன்னபடி இரண்டு சுற்று ஊற்றினார். சனிக்கிழமை குளியலறையில் அவள் கால் வைத்த இடம் மெத்தைபோல அமுங்கி எழுந்தது.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. காபி குடித்து முடித்ததும் டார்ச்சை அவர் முன்னால் வைத்தாள்.

"மிஸ்டர் கிரியர், எனக்காக ஒரு தடவ வீட்டுக்கு அடியில போயிட்டு வாங்க."

"எதுக்கு?"

"போயிட்டு வாங்க."

ஹாலிஸ் ஒல்லியான மனிதர். திறப்புக்குள் சுலபமாக நுழைந்துவிட்டார். அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். உள்ளே அவர் ஊர்வது கேட்டது, கட்டையைத் தட்டுவது கேட்டது. தெற்குச் சுவரோரம் போனார், கிழக்கே போனார். சாயங்காலங்களில் மேலே நடக்கும் அதே சுற்றைக் கீழே முழங்காலால் நடந்தார். வடகிழக்கு மூலையில் சத்தம் நின்றது. அதன் பிறகு அவர் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று.

வந்தவர் எழுந்து நிற்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சேற்றுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"போன செவ்வாய்க்கிழமை."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல?"

 அவர் முகத்தில் சேறு காய்ந்து இழுத்தது.

"மாக்சின் படுத்துக் கெடந்த அந்த வருஷம் மழையே இல்ல, ஐடெல்லா. ஆஸ்பத்திரி ஜன்னல்ல பார்த்தா புல்லெல்லாம் வைக்கோலாக் கெடக்கு. அவளுக்கு அவ ஒடம்பப் பத்திக் கவலை இல்ல. 'வீட்டுக்குத் தண்ணி ஊத்த மறந்துறாதே ஹாலிஸ்'ங்கிறா. மறக்க மாட்டேன்னேன். அதுக்கப்புறம் மழை வந்துச்சு. அவ வரல." விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தேய்த்தார். "ஊத்தச் சொன்னா. எப்ப நிறுத்தணும்னு சொல்லல. இப்ப யாரு வந்து எனக்குச் சொல்லப் போறா?"

ஐடெல்லா அவருடைய கைகளைப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேரின் தலையைத் தொட்ட கைகள். கடவுளே, இவற்றுக்கு ஒரு வார்த்தைதானே வேண்டியிருந்தது!

"நான் சொல்றேன்," என்றாள். "நிறுத்து, ஹாலிஸ்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பேரை அவள் வாயால் அவர் அதிகம் கேட்டதில்லை.

"நானும் இந்த வீட்டுலதான் இருக்கேன். இங்கதான் இருக்கப் போறேன். அதனால நான் சொல்லலாம். நிறுத்து."

"சரி," என்றார் ஹாலிஸ். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அவள் அவருடைய முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் மூக்கைப் புறங்கையால் துடைத்து, மீசையெல்லாம் சேறாக்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப சாயங்காலம் நான் என்ன செய்யறது?"

"நட. பேசுறதுக்குத் தண்ணி எதுக்கு?"

"கேட்டுட்டியா?"

"மீன் பொரியுற சத்தத்துலயும் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு எங்கயும் போகமாட்டான்னு மாக்சின்கிட்ட சொல்லிரு."

டீக்கன் பர்விஸ் தன் அக்காள் மகன்கள் இரண்டு பேரோடு வந்தார். அவர்கள் உள்ளே, அவர் வெளியே புல்லில் படுத்துக்கொண்டு அதட்டல். அடைந்த காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்தார்கள். பெரிய விசிறிகளை வைத்துப் பல நாள் ஊதவிட்டார்கள். ஈரம் வற்றியதும் மண்மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார்கள். அதற்கிடையே ஞாயிற்றுக்கிழமை க்ளோடீன் வந்தபோது சாப்பாட்டு அறைத் தரை திறந்து கிடந்தது. ஹாலிஸ் அவளிடம் நடந்ததைச் சொன்னார். ஐடெல்லா முள்ளுக்குத் தயாராக நின்றாள்.

க்ளோடீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"நான்தான் மாக்சின்கிட்ட சொன்னேன்," என்றாள். "எங்க வீடு சிமெண்டுத் தரை, எங்க தெருவுல எல்லாரும் வருஷம் பூரா ஊத்துறோம். நீயும் ஊத்தச் சொல்லுன்னு நான்தான் சொன்னேன். கட்டைக் கால் வீட்டுக்கு அது ஆகாதுன்னு எனக்கு எங்க தெரியும்? வாழ்நாள்ல என் பேச்ச அவ கேட்டது அந்த ஒரு தடவதான்."

 ஐடெல்லா ஒரு நீலப்பூக் கப்பில் காபி ஊற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். க்ளோடீன் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

"பழைய கட்டையெல்லாம் தூக்கி எறியப் போறீங்களா, டீக்கன்?" என்று தரை ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"முழுக்க அழுகினதை மட்டும்தான். பாதி நல்லா இருக்குறத எடுக்கக் கூடாது, வீடே அதுக்குப் பழகியிருக்கும். அதுக்குப் பக்கத்துல தோளோட தோளா புதுக் கட்டை ஒண்ணச் சேர்த்து முடுக்கினா, ரெண்டும் சேர்ந்து தாங்கும். எங்க தொழில்ல அந்தப் புதுக் கட்டைக்கு 'சிஸ்டர்'னு பேரு."

க்ளோடீன் ஐடெல்லாவை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க போனாலும் சிஸ்டர்தானா?" என்றாள். முள் இருந்தது, ஆனால் குத்தவில்லை.

அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு மழை இல்லை. கண்ணாடி அலமாரி பழைய இடத்திலேயே நேராக நின்றது. வாடை உடைகளை விட்டுப் போயிற்று, தலையணையை விட்டுப் போயிற்று. சாயங்காலங்களில் ஹாலிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் வீட்டைச் சுற்றி நடந்தார். ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் சாப்பாட்டு அறைக் கதவு இறுகியது.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். அவளையே பார்த்தார். ஐடெல்லா படியிறங்கிப் போய்ச் சுவரோரம் குந்தினாள். மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் விரலை விட்டாள். அடிவரைக்கும் போயிற்று, சூடாக, காய்ந்து.

"கொஞ்சமா ஊத்துங்க, மிஸ்டர் கிரியர்," என்றாள். "சுவர்லேருந்து தள்ளி."

அவர் குழாயை இழுத்துக்கொண்டு போனார். அவள் கையைக் கழுவிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே குரல் நகர்ந்தது: "ஐடெல்லா பார்த்துட்டுத்தான் சொன்னா, மாக்சின். விரலை விட்டுப் பார்த்தா." பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிற்று. வடகிழக்கு மூலை. ஐடெல்லா அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போய், குழாயின் மடிப்பை எடுத்துவிட்டாள்.